சோளக்காட்டில் ஒரு வாசல்

முருகன் துணை

கொமரலிங்கம்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தங்கை விஜயகுமாரிக்கு,

அண்ணன் ஆறுமுகசாமி எழுதுகிறேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தேன். முழங்கால் தன் பங்குக்கு முனகுகிறது, மற்றபடி குறையில்லை. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? மருமகள் கிருத்திகாவுக்குச் சளி விட்டதா?

உன் வீட்டில் தங்கிவிட்டு நேற்றுத்தான் வந்தவன் இன்று எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பாய். போனில் எனக்குப் பாதிதான் காதில் விழுகிறது. நேரில் என்றால் நீ பேசுவாய், நான் தலையாட்டுவேன். எழுதும்போதுதான் எனக்கு வாக்கியம் முழுசாக வருகிறது.

உங்கள் மேட்டுக்காட்டைப் பற்றித்தான். கிணற்றுப் படியில் தலைகீழாகப் பதித்திருக்கும் அந்தக் கல்லை இந்த முறையும் தண்ணீர் ஊற்றித் துடைத்துப் படித்தேன். விளக்குக்கு நெய் கொடுத்ததும், கொடுத்த இடம் ஒரு பள்ளி என்பதும் தெளிவாக இருக்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய எழுத்து. பள்ளி என்றால் அந்தக் காலத்தில் சமணத் துறவிகள் தங்கிய மடம். அது மேட்டுக்காட்டின் மேல்தான் நின்றிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உழும்போது வருகிற செங்கல் துண்டும் ஓட்டுச் சில்லும் வேறு எங்கிருந்து வரும்? பொதுப்பணித் துறையில் வாய்க்கால்களுக்கும் மதகுகளுக்கும் படம் வரைந்தே காலத்தைக் கழித்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு அஞ்சல் வழியில் வரலாறு படித்தது தவிர எனக்கு வேறு தகுதியில்லை. ஆனாலும் அந்தக் கட்டடத்தின் படத்தை வரைய ஆரம்பித்துவிட்டேன். நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், அதை ஒட்டித் துறவிகளின் அறைகள், கிழக்கே வாசல். தவறாகவும் இருக்கலாம்.

ஓர் உதவி வேண்டும். இந்தப் போகத்தில் மேட்டின் மேல் தட்டைப்பயறு வேண்டாம், சோளம் விதைக்கச் சொல். அடியில் சுவர் புதைந்திருக்கும் இடத்தில் வேர் ஆழமாகப் போகாது. மழை நின்ற பிறகு அங்கே பயிர் முதலில் பழுக்கும். மற்ற இடம் பச்சையாக நிற்கும். உயரத்திலிருந்து பார்த்தால் சுவர்கள் கோடு போட்டது போலத் தெரியும். தோண்டாமல் பார்க்க எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

எல்லோருக்கும் என் ஆசி.

உன் அண்ணன்
ஆறுமுகசாமி


குண்டடம்
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

விஜயகுமாரி வணக்கத்துடன் எழுதுவது. சர்க்கரை இருக்கிற இடத்தில் இருக்கிறது. நானும் அதை விரட்டவில்லை, அதுவும் என்னை விரட்டவில்லை. முழங்காலைப் பற்றி எழுதினீர்கள், கண்ணைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. இங்கே இருந்தபோது ரசத்தை டம்ளருக்கு வெளியே ஊற்றியதைக் கிருத்திகாவும் பார்த்தாள். எழுத்து கோட்டை விட்டு இறங்கி இறங்கிப் போகிறது. டாக்டரிடம் போங்கள்.

சோளத்துக்கு என்ன, விதைத்துவிடலாம். பண்ணையம் பார்க்கிற அய்யாசாமியிடம் சொல்லிவிட்டேன். "பெரியவரு சோளம் திம்பாருங்களா?" என்று கேட்டான். படிப்பார் என்றேன்.

ஆனால் இன்னொன்றையும் நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீங்கள் இருந்த நாட்களில் வேல்குமார் திருப்பூரில் ஷிப்மெண்ட் வேலையாக அலைந்துகொண்டிருந்ததால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. புது தையல் யூனிட்டுக்கு வந்திருக்கிற ஒடிசாப் பெண்களுக்கு ஹாஸ்டல் கட்டப் போகிறான். தை மாதம் பூமி பூஜை. இடம் மேட்டுக்காடு. அதுவும் மேட்டின் மேலேயே. தண்ணீர் தேங்காத இடம் அதுதான் என்று இன்ஜினியர் சசிகுமார் சொல்லிவிட்டார்.

வேண்டாத காரியம் என்று நான் சொல்ல மாட்டேன் அண்ணா. அந்தப் பெண்கள் இப்போது தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். வெயில் காலத்தில் உள்ளே போய் நின்று பாருங்கள், தெரியும். ஆனால் காட்டில் வேறு இடமும் இருக்கிறது, தெற்கே. நீங்கள் வேல்குமாரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொன்னால் அம்மாவின் ஆசை என்பான். தாய்மாமன் சொன்னால் வேறு.

உங்கள் படத்தைப் பற்றி ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ஆரம்பத்தில் நம் கம்பெனியில் கட்டிங் டேபிளில் நான் நின்ற காலத்தில், கீழே விழுந்து கிடக்கிற வேஸ்ட் துணியைப் பார்த்தே என்ன பனியன் வெட்டினார்கள் என்று சொல்லிவிடுவேன். கழுத்து எவ்வளவு இறக்கம், கை எவ்வளவு அகலம், எல்லாம் அந்த மிச்சத்தில் இருக்கும். உங்கள் வேலையும் அது மாதிரிதானா?

கண்ணைக் காட்டிவிட்டுப் பதில் எழுதவும்.

தங்கை
விஜயகுமாரி


முருகன் துணை

கொமரலிங்கம்
30 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. ஆற்றில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள், ஊரே குளிர்ந்து கிடக்கிறது. நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

கட்டிங் டேபிள் உதாரணத்தை நான் பல முறை நினைத்துப் பார்த்தேன். இவ்வளவு காலம் படித்தும் எனக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை. நான் செய்வது அதேதான். பனியன் போய்விட்டது, மிச்சம் கிடக்கிறது. ஓட்டுச் சில்லில் ஆணித் துளை இருக்கிறது. அப்படியானால் மேலே மரச் சட்டம், சரிவான கூரை. கிணற்று மேட்டில் நீங்கள் துணி துவைக்கிற கல்லின் நடுவே சதுரக் குழி இருக்கிறதல்லவா? துவைக்கிற கல்லுக்குக் குழி தேவையில்லை. அது மரத்தூணின் அடி உட்காரும் குழி. ஆகவே தாழ்வாரத்தின் தூண்கள் கல் அல்ல, மரம். அதனால்தான் ஒன்றும் மிஞ்சவில்லை.

அறைகள் சிறியதாக இருந்திருக்கும். தரையில் ஒருவர் படுக்கும் அளவு போதும். அவர்கள் பொழுது சாய்வதற்கு முன்னால் சாப்பிட்டுவிடுவார்கள். விளக்கில் பூச்சி விழுந்து சாகும் என்று, கல்லில் சொன்ன சாமி விளக்கு தவிர, இரவில் அறையில் விளக்குகூட வைப்பதற்கு யோசிப்பார்கள். ஆகவே முற்றத்து வெளிச்சம் ஒவ்வொரு அறைக்கும் நேராகப் போக வேண்டும். அதை வைத்துத்தான் தாழ்வாரத்தின் அகலத்தைக் குறைத்திருக்கிறேன். மழைத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து வடகிழக்கு மூலையில் வெளியேறும். அங்கே ஒரு தூம்பு இருந்தாக வேண்டும்.

இப்படிப்பட்ட சில இடங்களுக்கு அந்தக் காலத்தில் 'அஞ்சினான் புகலிடம்' என்று ஒரு பெயர் உண்டு. பயந்து ஓடி வந்தவன் உள்ளே நுழைந்துவிட்டால் யாரும் அவனைத் தொடக் கூடாது. உங்கள் மேட்டுப் பள்ளிக்கு அந்தப் பெயர் இருந்ததற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. கல்லின் கீழ்ப்பாதி சிமெண்டுக்குள் இருக்கிறது. இருந்திருக்குமோ என்று எனக்கு ஓர் ஆசை, அவ்வளவுதான். எதை நான் கண்டேன், எதை நான் விரும்பினேன் என்று பிரிக்கத் தெரியாமல் இரண்டையும் வேறு வேறு பென்சிலில் வரைகிறேன்.

மழை எப்படி? சோளம் விதைத்ததும் எழுது.

வேல்குமாருக்கும் கிருத்திகாவுக்கும் என் ஆசி.

உன் அண்ணன்
ஆறுமுகசாமி


குண்டடம்
12 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே காற்றுத்தான் அடிக்கிறது, மழை இல்லை. புரட்டாசியில் பெய்தால் விதைக்கிறேன் என்கிறான் அய்யாசாமி. வீட்டில் எல்லோரும் நடமாடுகிறார்கள்.

உங்கள் கடிதத்தை மூக்குக் கண்ணாடி போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். கூரை இருக்கிறது, ஓடு இருக்கிறது, தூம்புகூட இருக்கிறது. ஹாஸ்டல் இல்லை. நான் அவ்வளவு பெரிய செய்தி எழுதியிருக்கிறேன், அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. கண்ணும் இல்லை. உங்களுக்குப் பிடிக்காததெல்லாம் தபாலில் தொலைந்துபோகிறதா?

உங்கள் கடிதம் வந்த அன்று இராத்திரி சாப்பிடும்போது வேல்குமாரிடம் நானாகப் பேச்சைக் கொடுத்துப் பார்த்தேன். மாமா அந்த மேட்டை வைத்துப் படம் வரைகிறார் தெரியுமா என்றேன். அவனுக்குக் கோபம் இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னான்: "மாமன் என்கிட்ட ஒண்ணுமே சொல்லலீங்களே. வேணும்னா அவரே கேட்டிருப்பாருங்கல்ல?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? என் அண்ணன் பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கக்கூட வாய் திறக்க மாட்டார் என்றா?

தங்கை
விஜயகுமாரி


முருகன் துணை

கொமரலிங்கம்
25 செப்டம்பர் 2024

அன்புள்ள தங்கைக்கு,

உன் கோபம் நியாயமானது. கண்ணுக்கு உடுமலையில் காட்டினேன். புரை என்கிறார்கள். அறுவை சிகிச்சை செய்யலாமாம். படம் முடியட்டும் என்றிருக்கிறேன்.

நீ கேட்டதற்கு நேராகப் பதில் எழுதுகிறேன். நான் மறக்கவில்லை. உன் கடிதம் வந்த நாளிலிருந்து வேறு எதையும் நினைக்கவும் இல்லை. ஆனால் தகரக் கொட்டகையில் உயிரோடு சில பெண்கள் வெந்துகொண்டிருக்கும்போது, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் போன துறவிகளின் அறைகளுக்காக நான் எப்படி வாய் திறப்பது? தெற்கே இடம் இருக்கிறது என்கிறாய். அது சுக்கான் கல்லும் பாறையுமான தரை. உடைப்பதற்கு நாள் பிடிக்கும். அந்த நாளெல்லாம் அவர்கள் கொட்டகையில்தான் இருக்க வேண்டும்.

அதுவும், என்னிடம் என்ன இருக்கிறது? ஒரு கல், கொஞ்சம் ஓட்டுச் சில்லு, ஒரு கிழவனின் படம். மாட்டுக் கொட்டாயின் அடித்தளத்தைப் பார்த்து நான் மடம் என்று சொல்கிறேனோ என்னவோ. நிச்சயம் இல்லாமல் ஒருவரை அவர் செய்யும் நல்ல காரியத்திலிருந்து நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை.

சோளம் சொல்லட்டும் விஜயா. கோடுகள் தெரிந்தால் நான் வேல்குமாரிடம் பேசுகிறேன். இது உனக்கு எழுதிக் கொடுக்கும் உறுதி.

உன் அண்ணன்
ஆறுமுகசாமி


குண்டடம்
18 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். ஐப்பசி மழையில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது, அதனால்தான் எழுதவில்லை. இப்போது எழுந்துவிட்டேன், கிருத்திகா மட்டும் இன்னும் கஞ்சியை நிறுத்த மாட்டேன் என்கிறாள். நீங்கள் அனுப்பிய இரண்டு கார்டும் வந்தன. இரண்டிலும் "சோளம் எப்படி?" என்பது மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது.

சோளம் சொல்லிவிட்டது.

போன வாரம் அய்யாசாமி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். "பயிருக்கு நோவு புடிச்சிருச்சுங்கம்மா. அங்கங்க பழுக்குது. பழுத்த பக்கத்துக்கு மட்டும் யூரியா போட்டுடட்டுங்களா?" என்றான். போட்டாயானால் கையை ஒடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு, காட்டை ஒட்டியிருக்கிற யூனிட்டின் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினேன். என்னை ஏற்றிவிட்டது மமதா என்கிற ஒடிசாப் பெண். வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, நம் ஊர்ப் பேச்சு அப்படியே நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மேலே நின்று பார்த்தேன். நீங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். பச்சைக்கு நடுவே மஞ்சளாக ஒரு பெரிய சதுரம். அதற்குள் ஒரு சின்னச் சதுரம், அதுதான் முற்றம். இரண்டுக்கும் நடுவில் குறுக்கே குறுக்கே கோடுகள், சீப்புப் பல் மாதிரி. மமதாதான் முதலில் கேட்டாள்:

"ஏனுங்கம்மா, அங்க ரூம் ரூமா தெரியுதுங்க. நம்ம ஹாஸ்டலுக்கு அதுக்குள்ள வேலை ஆரம்பிச்சுட்டாங்களா?"

அவள் போனில் படம் எடுத்து, கடையில் பிரிண்ட் போட்டு வந்திருக்கிறாள். இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் உங்கள் படத்தோடு ஒத்து வரவில்லை. கிழக்கே மஞ்சள் கோடு ஒரே நீளமாக, விடாமல் போகிறது. வடக்கில்தான் நடுவே விட்டுப்போய்ப் பச்சையாக இருக்கிறது, ஓடையைப் பார்த்தபடி. வாசல் அங்கே போலிருக்கிறது.

பூமி பூஜைக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஜனவரி 30, வியாழக்கிழமை. கொடுத்த வாக்கு ஞாபகம் இருக்கட்டும்.

தங்கை
விஜயகுமாரி


முருகன் துணை

கொமரலிங்கம்
6 ஜனவரி 2025

அன்புள்ள தங்கைக்கு,

காய்ச்சல் என்று இப்போது எழுதுகிறாய். உடம்பைப் பார்த்துக்கொள்.

படம் கிடைத்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நீ சொல்வது சரி. வாசல் வடக்கேதான். நான் கிழக்கே போட்டது ஏன் என்று யோசித்தேன். அதற்கு ஒரு ஆதாரமும் இருந்ததில்லை. நம் முருகன் கோயில் கிழக்கே பார்த்திருக்கிறது, நம் வீடு கிழக்கே பார்த்திருக்கிறது, நான் பார்த்த நல்ல கட்டடம் எல்லாம் கிழக்கே பார்த்திருக்கிறது. ஆகவே கை தானாகக் கிழக்கே வாசலை வைத்துவிட்டது. முன்மண்டபத்தை அதற்கு நேரே வைத்தேன். தூம்பை அதற்குத் தக்கபடி தள்ளினேன். எல்லாம் அந்த ஒரு தவறின் மேல் நிற்கிறது. விருப்பத்துக்கு வேறு பென்சில் வைத்திருப்பதாக உனக்குப் பெருமையாக எழுதினேன். வாசலை ஆதாரப் பென்சிலில் வரைந்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவன் ஒரு இன்ஜினியருக்கு முன்னால் போய் எப்படி நிற்பது? வாசல் எங்கே என்று தெரியாத கட்டடத்தை எப்படிக் காப்பாற்றச் சொல்வது? படத்தைச் சுருட்டி பீரோ மேல் வைத்துவிட்டேன். ஹாஸ்டல் நல்ல காரியம். நடக்கட்டும். அன்று வருவதற்கு முழங்கால் இடம் கொடுக்குமா என்று தெரியவில்லை.

உன் அண்ணன்
ஆறுமுகசாமி


குண்டடம்
10 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள்தான் நன்றாக இல்லை.

வாசல் தப்பாகிவிட்டால் வீடே இல்லையென்று ஆகிவிடுமா? கை நீளம் தப்பாக வெட்டிய பனியன், பனியன் இல்லையா? நாங்கள் அதைக் கொளுத்திவிட மாட்டோம்; பிரித்துத் திரும்பத் தைப்போம். உங்களுக்குச் சுவர் தெரிந்திருக்கிறது, அறை தெரிந்திருக்கிறது, முற்றம் தெரிந்திருக்கிறது. சோளம் விதைப்பதற்கு முன்னாலேயே இவ்வளவையும் வரைந்து வைத்த ஆளுக்கு, ஒரு வாசல் தவறியதற்கு இவ்வளவு துக்கம் எதற்கு?

மமதா எடுத்த படத்தை வேல்குமாரிடம் நான் காட்டவில்லை. அது என் வேலை இல்லை.

இன்னொரு செய்தி. நம் வழக்கப்படி வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது முதல் கடப்பாரை தாய்மாமன்தான் போட வேண்டும். இந்த வீடு கட்டியபோதும் நீங்கள்தான் போட்டீர்கள். ஹாஸ்டலுக்கு அதெல்லாம் எதற்கு, முதலாளி கையாலே போடலாம் என்று வாஸ்துக்காரர் சொன்னார். என் மகன் கட்டுகிற எந்தக் கட்டடத்துக்கும் என் அண்ணன் கை இல்லாமல் மண்ணைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வேல்குமாரும் சரி என்றுவிட்டான். 29ஆம் தேதி கார் அனுப்புகிறான். முழங்காலைக் காரில் வைத்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

பேச வேண்டும் என்று நான் இனிமேல் சொல்லவில்லை. வந்தால் போதும்.

தங்கை
விஜயகுமாரி


குண்டடம்
1 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். யாரிடமும் சொல்லாமல், இலையில்கூட உட்காராமல் பஸ் ஏறிப் போய்விட்டீர்கள். ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டுப் பையனை விட்டு மெசேஜ் போட்டது வந்தது. அது போதாது. நீங்கள் போன பிறகு என்ன நடந்தது என்று தெரியாமல் உங்களுக்குத் தூக்கம் வராது. அதனால் வீடு கொஞ்சம் ஓய்ந்ததும் எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் செய்தது எங்கள் பக்கத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். சோளத்தை அறுத்துவிட்டு மேட்டின் மேல் சுண்ணாம்பில் சசிகுமார் கோடு போட்டு வைத்திருந்தார். ஐயர் பூஜை முடித்து உங்கள் கையில் கடப்பாரையைக் கொடுத்தார். மஞ்சளும் பூவும் கட்டிய கடப்பாரை. நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நின்றுகொண்டே இருந்தீர்கள். ஐயர் இரண்டாம் தடவையும் "போடுங்கோ" என்றார். பிறகு நீங்கள் கோட்டைத் தாண்டி நடக்க ஆரம்பித்தீர்கள்.

"பெரியவரே, மார்க்கிங் இங்கீங்க," என்று சசிகுமார் பின்னாலேயே வந்தார். உங்களுக்குக் காது கேட்கவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் நின்றது உங்கள் நல்ல காதுப் பக்கம் என்று எனக்குத் தெரியும். மேட்டை விட்டு இறங்கித் தெற்கே போனீர்கள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. பாறை ஓரத்தில் நின்று ஓங்கிப் போட்டீர்கள். தீப்பொறி பறந்தது. பக்கத்தில் மண் இருக்கிற இடம் பார்த்து இன்னொரு தடவை போட்டீர்கள். அது இறங்கி நின்றது.

வேல்குமார் ஓடி வந்து, "மாமா, என்னங்க ஆச்சு?" என்று கையைப் பிடித்தான். நீங்கள் மேட்டைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"அக்கட்ட ஊடு இருக்குது கண்ணு."

அவ்வளவுதான் சொன்னீர்கள். சட்டைப் பையிலிருந்து மமதா எடுத்த படத்தை எடுத்து அவன் கையில் வைத்தீர்கள். பிறகு ஒண்ணுக்குப் போவது போலப் போனவரைக் காணோம்.

இனி உங்களுக்குத் தெரியாதது. சசிகுமார் கடப்பாரையைப் பிடுங்கி மேட்டுக்கே கொண்டுபோகப் பார்த்தார். ஐயர் ஒத்துக்கொள்ளவில்லை. மாமன் போட்ட இடத்தை மாற்றினால் கட்டடத்துக்கு ஆகாது என்றார். கிருத்திகா வாஸ்துக்காரரைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார். வேல்குமார் மட்டும் அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. படத்தைப் பார்ப்பான், மேட்டைப் பார்ப்பான். கடைசியில் மமதாவைக் கூப்பிட்டு, இது எங்கே நின்று எடுத்தது என்று கேட்டான். தொட்டி மேல் ஏறினான். சோளம் அறுத்த பிறகு அங்கே என்ன தெரியும்? சோளத் தாள்தான் தெரியும். ஆனாலும் ரொம்ப நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்தான்.

சசிகுமார் பாறை, செலவு, நாள் என்று ஆரம்பித்தார். வேல்குமார் என்னைப் பார்த்துச் சொன்னான்:

"மாமன் இத்தன வருஷத்துல என்கிட்ட ஒண்ணு வேணும்னு கேட்டதில்லீங்கம்மா. இன்னைக்குத்தான் ஒரு தடவ கைய ஓங்கியிருக்காரு. அதப் போயி நான் எப்படி மாத்தறது?"

பிறகு சசிகுமாரிடம் திரும்பி, பாறை மேல் கட்டினால் என்ன குறை என்று கேட்டான். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அஸ்திவாரம் அவ்வளவு ஆழம் போக வேண்டியதில்லை, மழைத் தண்ணீர் போக மட்டும் வழி செய்துவிட்டால் போதும் என்றார். இதை ஆகஸ்டிலேயே சொல்லியிருக்கலாம். யாரும் அவரைக் கேட்கவில்லை போலிருக்கிறது. நாமும்தான்.

கட்டடத்தைத் தெற்கே கொண்டுபோனால் வாசலை வடக்கே வைத்தால்தான் வழிக்கு வசதி. வடக்கு குபேரன் திசை, ரொம்ப நல்லது என்று வாஸ்துக்காரருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பெண்களுக்குக் கூடுதலாக ஒரு மாதம் போல ஆகும். அதற்கும் வேல்குமார் வழி சொல்லிவிட்டான்: புது யூனிட்டின் மாடி காலியாகத்தான் இருக்கிறது, பனியன் பண்டல்களை எடுத்துவிட்டு, நாளையிலிருந்து அவர்கள் அங்கே படுத்துக்கொள்ளலாம் என்று. இதுவும் ஆகஸ்டிலேயே செய்திருக்க வேண்டியது. அதை நானே அவனிடம் கேட்டிருக்க வேண்டும்.

பீரோ மேல் இருக்கிற சுருளை எடுத்து, வாசலைச் சரி செய்து அனுப்புங்கள். அவன் கேட்கிறான். எதற்கு என்று என்னிடம் சொல்லவில்லை.

கண்ணுக்கு என்ன சாக்கு இனிமேல்?

தங்கை
விஜயகுமாரி


முருகன் துணை

கொமரலிங்கம்
9 மார்ச் 2025

அன்புள்ள தங்கை விஜயகுமாரிக்கு,

இந்தக் கடிதத்தில் எழுத்து கோட்டின் மேல் நிற்பதைக் கவனித்திருப்பாய். வலது கண் அறுவை முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. சித்திரையில் இடது கண். பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. நான் பயந்தவற்றில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்திருக்கும் போலிருக்கிறது. உன் சர்க்கரையைப் பற்றி நீ இப்போதெல்லாம் எழுதுவதில்லை; அதை நானும் கவனித்திருக்கிறேன்.

அன்று சாப்பிடாமல் வந்தது தவறு. கடப்பாரையைக் கையில் வாங்கும்வரை மேட்டிலேயே போடுவதாகத்தான் இருந்தேன். சோளத் தாள் காலில் குத்தியது. நான் நின்றது வடக்கு வாசலுக்கு நேர் உள்ளே, முற்றத்தில், என்று அப்போது தெரிந்தது. யாருடைய வீட்டுக்குள்ளோ செருப்போடு நிற்பது போல இருந்தது. அதற்கு மேல் கால்தான் நடந்தது. எங்கே திட்டு விழுமோ என்ற பயம் பஸ் ஏறிய பிறகுதான் வந்தது.

வேல்குமார் போன ஞாயிற்றுக்கிழமை சசிகுமாரையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தான். நீ சொல்லியிருக்க மாட்டாய், அல்லது சொல்லித்தான் அனுப்பினாயோ. படத்தைத் தரையில் விரித்து இருவரும் மண்டியிட்டுப் பார்த்தார்கள். சசிகுமார் நல்ல பிள்ளை. தாழ்வாரத்தின் அகலத்தை ஏன் குறைத்தேன் என்று கேட்டார். அறைக்குள் வெளிச்சம் போக என்றேன். ஹாஸ்டல் பிளானில் நீளமாக ஒரு இருட்டு நடையும், இரண்டு பக்கமும் அறைகளும்தான் இருந்தன. அதை அடித்துவிட்டு, நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், எல்லா அறைக்கும் முற்றத்துப் பக்கம் கதவு என்று அங்கேயே உட்கார்ந்து போட்டார். என்னைத் தூம்பு எங்கே வரும் என்று கேட்டார். வடகிழக்கு என்று நான் யோசிக்காமல் சொன்னேன். பிறகு, அது தவறாகவும் இருக்கலாம் என்றேன். "இருக்கட்டுங்க, லெவல் வெச்சுப் பாத்துட்டாப் போச்சு," என்றார். தவறாக இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

மேட்டைச் சுற்றிக் கம்பிவேலி போடுவதாக வேல்குமார் சொன்னான். தொல்லியல் துறைக்கு எழுத வேண்டுமாம். நான் எழுதிக் கொடுத்தால் தன் கையெழுத்தும் போடுவானாம். எழுதிவிட்டேன். தெரிந்த சுவரை முழுக் கோட்டிலும், தெரியாததைப் புள்ளிக் கோட்டிலும் போட்டு, படத்தின் பிரதி ஒன்றையும் இணைத்திருக்கிறேன். வடக்கு வாசல் முழுக் கோடு. 'கண்டு சொன்னவர்: விஜயகுமாரி' என்று கீழே குறித்திருக்கிறேன். மமதாவின் பெயரும் இருக்கிறது. அவள் ஊர்ப் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டு எழுது.

வேலி போடுபவர்களிடம் வடக்கே ஒரு வழி விடச் சொல். சோளம் பழுக்கிற மார்கழி வாக்கில் நான் வருகிறேன், இரண்டு கண்ணோடும். இந்த முறை கொஞ்ச நாள் இருக்கலாம் என்றிருக்கிறேன். தொட்டி மேல் ஏற்றிவிட மமதாவால் முடியுமா என்று கேட்டு வை. தென்மேற்கு மூலையில் படத்தில் ஒன்றும் தெரியவில்லை. அய்யாசாமி அந்தப் பக்கம் விதையைக் கொஞ்சம் தாராளமாக விடட்டும். வேலிக்குள் மறுபடியும் சோளம்தான். யூரியா வேண்டாம்.

உன் அண்ணன்
ஆறுமுகசாமி